‘நான்தான் அவர்’ என்று ஒருவர் சொன்னால்...

(ஏற்காடு மலைப்பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இந்தப் பனிமூட்டத்தில் நேரத்துக்கு வந்து சேர்ந்த ஆசிரியப் பெருமக்களுக்கு முதலில் நன்றி. ‘மாணவரிடம் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது எப்படி?’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எப்படி வளர்ப்பது என்று சொல்வதற்கு முன், நான் எப்படி வளர்க்காமல் விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி.

மிளகு பறிக்கிற பருவம் அது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயர் தொழில்நுட்ப ஆய்வக வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வந்தான். “மிஸ், பிட்காயினைக் கண்டுபிடிச்சவர் யாருன்னே தெரியாதாமே? ஆனா எங்கப்பா போன்ல ஒரு வீடியோ வந்திருக்கு. அவரே வெளியே வந்து இன்னொரு காயின் ஆரம்பிச்சிருக்காராம். அது நிஜமா மிஸ்?” என்று கேட்டான். எனக்கு அன்றைக்கு எமிஸ் பதிவு முடிக்க வேண்டிய அவசரம். “அதெல்லாம் பெரியவங்க விஷயம். நீ பாடத்தைப் படி” என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். மிளகு விற்ற பணம் எழுபதாயிரத்தை ஒரு செயலியில் போட்டிருக்கிறார். செயலி திறக்கவில்லை. பணம் வாங்கியவர்களின் எண் வேலை செய்யவில்லை. மகனின் விடுதிக் கட்டணத்தைக் கட்ட அவகாசம் கேட்டு வந்திருந்தார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். “பையன் அப்பவே வேண்டாம்னான் டீச்சர். உங்ககிட்ட கேட்டுட்டு வரேன்னு சொன்னான். அப்புறம் ஒண்ணும் சொல்லல.”

நான் அன்று இரவு தூங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

2008 அக்டோபர் 31-ஆம் தேதி, சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. வங்கி இல்லாமல், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாக மின்னணுப் பணம் அனுப்புவது எப்படி என்பது அதன் பொருள். 2009 ஜனவரி 3-ஆம் தேதி அந்த அமைப்பின் முதல் கணக்கேட்டுத் தொகுதி உருவானது. ஜனவரி 12-இல் சதோஷி, ஹால் ஃபின்னி என்ற அமெரிக்கக் கணினி நிபுணருக்குப் பத்து பிட்காயின்களை அனுப்பினார். 2011-இல் சதோஷி தம்முடன் பணியாற்றியவர்களோடு கடிதப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார். அது ஆணா, பெண்ணா, ஒருவரா, ஒரு குழுவா என்பது உறுதியாகவில்லை. அவருடையவை என்று ஆய்வாளர்கள் கணக்கிடும் சுமார் பத்து லட்சம் நாணயங்கள் தொடப்படாமல் அப்படியே கிடக்கின்றன. பூட்டிய வீடு, உள்ளே புதையல், உரிமையாளர் யார் என்று தெரியாது. அப்படியொரு வீடு இருந்தால் ‘என் வீடுதான்’ என்று எத்தனை பேர் வருவார்கள்? வந்தார்கள்.

சும்மா இருந்தவர்களையும் இழுத்துவிட்டார்கள். 2014 மார்ச்சில் நியூஸ்வீக் இதழ், கலிபோர்னியாவில் வசித்த டோரியன் நாகமோட்டோ என்ற ஓய்வுபெற்ற பொறியாளரைக் காட்டி ‘இவர்தான் அவர்’ என்றது. பெயர் ஒத்துப்போனது, பொறியாளர் என்பதும் ஒத்துப்போனது. அவர் வீட்டு வாசலில் நிருபர்கள் குவிந்தார்கள். அவரோ எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மறுத்தார். வகுப்பில் பென்சில் காணாமல் போனால், ஏற்கெனவே ஒருமுறை மாட்டிய பையனைத்தானே நாம் முதலில் பார்க்கிறோம்? அந்தக் கதைதான்.

தாமாக வந்தவர்களில் மிகவும் பேசப்பட்டவர் ஆஸ்திரேலியக் கணினி நிபுணர் கிரெய்க் ரைட். 2015 டிசம்பரில் வயர்டு, கிஸ்மோடோ ஆகிய இரண்டு இதழ்கள் அவர் சதோஷியாக இருக்கலாம் என்று எழுதின. 2016 மே 2-ஆம் தேதி பி.பி.சி. உள்ளிட்ட ஊடகங்களிடம் அவரே ‘நான்தான் சதோஷி’ என்று அறிவித்தார்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துவோம். முகம் தெரியாத ஒருவர் ‘நான்தான் அவர்’ என்று சொன்னால் எதை வைத்து நம்புவது? பட்டங்களை வைத்தா, பேச்சை வைத்தா, கோட்டு சூட்டை வைத்தா?

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஹூக் விதி நடத்துகிறோம். அந்த ராபர்ட் ஹூக் 1676-இல் தம் கண்டுபிடிப்பை நேரடியாக வெளியிடவில்லை. பதினான்கு எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்டு அச்சிட்டார். யாருக்கும் புரியவில்லை. 1678-இல் அந்த எழுத்துகளை ஒழுங்காக அடுக்கிக் காட்டினார். நீட்சி எப்படியோ விசையும் அப்படி என்ற பொருள்படும் இலத்தீன் தொடர் வந்தது. இடையில் வேறு யாராவது ‘நான்தான் முதலில் கண்டேன்’ என்று வந்திருந்தால், அந்தப் பதினான்கு எழுத்துகளுக்கு விடை சொல் என்று கேட்டிருக்கலாம். கதவை முதலில் பூட்டிவிட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிற முறை இது.

பிட்காயினில் இதே ஏற்பாடு கணிதத்தால் செய்யப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ஊரறிந்த பொதுச்சாவி, இன்னொன்று உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சாவி. ரகசியச் சாவியால் ஒரு வாக்கியத்துக்குக் கையெழுத்து இட்டால், பொதுச்சாவியை வைத்து உலகில் யார் வேண்டுமானாலும் அந்தக் கையெழுத்து சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். ரகசியச் சாவியை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பழைய சினிமாக்களில் கிழித்த ரூபாய் நோட்டின் பாதியைக் கொடுத்து, மறுபாதியோடு வருகிறவரிடம் பெட்டியை ஒப்படைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இதில் நம் பாதியைக் கையை விட்டுக் கொடுக்காமலேயே பொருந்துகிறது என்று நிரூபிக்க முடியும்.

ஆக, சதோஷி என்று சொல்லிக்கொள்கிறவர் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். நாம் இன்று சொல்கிற ஒரு புதிய வாக்கியத்துக்கு, 2009 ஜனவரியில் பயன்பட்ட அந்தச் சாவியால் கையெழுத்து இட வேண்டும். ‘இன்று’, ‘புதிய’ என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். வகுப்பில் நான் இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ரைட் என்ன செய்தார்? ஒரு கையெழுத்தை வெளியிட்டார். அன்றைக்கே கணினி அறிந்தவர்கள் அதை ஆராய்ந்து பார்த்தார்கள். அது 2009-இல் சதோஷி செய்த ஒரு பணப் பரிமாற்றத்தின் கையெழுத்து. பொதுக் கணக்கேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருப்பதுதான். கையெழுத்து உண்மை, கையெழுத்து இட்டவர் அவரில்லை. தலைமையாசிரியரின் பழைய சுற்றறிக்கையிலிருந்து கையெழுத்தை நகலெடுத்து விடுப்புக் கடிதத்தில் ஒட்டுகிற மாதிரி என்று சொன்னதும், என் வகுப்பில் பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதை நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மேலும் உறுதியான சான்று தருகிறேன் என்று சொல்லியிருந்த ரைட், மே 5-ஆம் தேதி, எனக்கு அந்தத் தைரியம் இல்லை, மன்னியுங்கள் என்று எழுதி விலகினார். சாவி இருந்த வன்தட்டைத் தாமே மிதித்து உடைத்துவிட்டதாகப் பின்னர் ஒரு விளக்கமும் தந்தார்.

‘அறிஞர்கள் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். சதோஷி விலகிய பிறகு மென்பொருளைப் பொறுப்பேற்று நடத்திய கேவின் ஆண்ட்ரசனே லண்டன் விடுதி ஒன்றில் ரைட் தனியாகக் காட்டிய செய்முறையைப் பார்த்து நம்பினார். 2023-இல் அவர், ரைட்டை அந்த அளவு நம்பியது தவறு என்று குறிப்பு எழுதினார். நிபுணர் என்றால் ஏமாற மாட்டார் என்று இல்லை. தம் துறையில் எது சரி என்று அவருக்குத் தெரியும், எதிரே நிற்பவர் கையில் என்ன மறைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லையே.

இதைப் படித்தபோது எனக்கு 1996 நினைவுக்கு வந்தது. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை என்பவர் மூலிகையைப் போட்டுத் தண்ணீரைப் பெட்ரோல் ஆக்குகிறார் என்று நாடே பேசியது. என் அப்பா செய்தித்தாளை உயர்த்திக் காட்டி “தமிழன் மூளையப் பாரு” என்றார். எங்கள் தெருவில் மறுத்துப் பேசிய ஒரே ஆள், உரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். “தண்ணியில கரி ஏது? பெட்ரோல்ல கரி இருக்கே, அது எங்கிருந்து வந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். அவரைப் பொறாமைக்காரர் என்றார்கள். கலக்குகிற கோலுக்குள் எரிபொருளை அடைத்து, நுனியை மெழுகால் மூடி, சூட்டில் மெழுகு உருகியதும் எரிபொருள் வெளியே வரும்படி செய்தார் என்பதுதான் பிறகு விஞ்ஞானிகள் தந்த விளக்கம். மூலிகை எரிபொருள் என்று விற்றது தொடர்பாக சி.பி.ஐ. நடத்திய மோசடி வழக்கில், 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இருபது ஆண்டுகள்! உரக்கடைக்காரர் இரண்டு வரியில் கேட்ட கேள்வி எட்டாம் வகுப்பு வேதியியல்தான். நாம் அதைப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக வைத்திருக்கிறோம், தெருவில் பயன்படுத்துவதற்கு என்று நினைப்பதில்லை.

திரும்ப ரைட்டுக்கு வருகிறேன். சாவி இல்லாதபோது அவர் காகிதங்களை நீட்டினார். 2024 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் எழுதிய வரைவுகள், கைக்குறிப்புகள், நிரல் கோப்புகள் என்று ஏராளமாகத் தாக்கல் செய்திருந்தார். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. காரணம், இதைப் புரிந்துகொள்ள உயர் கணிதம் தேவையில்லை.

நம் பள்ளிக் கணினிகளில் தமிழ் தட்டச்சு செய்யும்போது எழுத்துருப் பட்டியலில் ‘நிர்மலா’ என்று ஒன்று வருமே, பார்த்திருக்கிறீர்களா? இந்திய மொழிகளுக்காகவே மைக்ரோசாப்ட் உருவாக்கியது. விண்டோஸ் எட்டோடு 2012-இல் வந்தது. அதற்கு முன் நமக்கெல்லாம் ‘லதா’தான். பழைய வினாத்தாள் எடுத்துப் பாருங்கள், லதாவில்தான் இருக்கும். ரைட் 2007, 2008 காலத்தது என்று கொடுத்த ஆவணங்களுக்குள் இந்த நிர்மலா எழுத்துருவின் தடயம் இருந்தது. அதுபோலவே ‘கலிப்ரி லைட்’ என்ற இன்னோர் எழுத்துருவும். பிறக்காத எழுத்துருவில் அவர் எப்படி எழுதினார்? எங்கோ லண்டனில், ஆயிரக்கணக்கான கோடி மதிப்புள்ள உரிமையைப் பற்றிய வழக்கில், நாம் தினமும் வருகைப் பதிவு அச்சடிக்கிற எழுத்துரு சாட்சி சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் ஆய்வகத்துக்கு ஓடிப் போய் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்த்தார்கள்.

2007-இல் கையால் எழுதிய கூட்டக் குறிப்பு என்று ஒன்று கொடுத்தார். அந்தக் குறிப்பேட்டைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் விசாரித்தார்கள். அந்த வடிவத் தாள் அந்த ஆண்டில் அச்சிடப்படவே இல்லை. பதினோராம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ் நடத்தும் முதுகலை ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2007-இல் எழுதியது என்று அவர் காட்டிய நிரல் கோப்பில், நேரத்தைக் கையாளும் ஒரு பகுதி அந்த மொழியில் சில ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதியை வடிவமைத்தவரிடமே கேட்டு உறுதி செய்தார்கள். மூலக் கட்டுரை ஓப்பன் ஆபீஸ் என்ற மென்பொருளில் உருவானது என்று கோப்பே சொல்லிக்கொண்டிருக்க, இவர் வேறொரு முறையில் உருவாக்கியதாகச் சொல்லி, விசாரணைக்குச் சில மாதங்கள் முன்னால் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தது வெளியானது.

இதற்கெல்லாம் முன்பே, 2020 மே மாதத்தில் வேறொன்று நடந்திருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த மற்றொரு வழக்கில், என்னுடையவை என்று ரைட் தரப்பு கொடுத்த பட்டியலில் இருந்த 145 கணக்குகளின் ரகசியச் சாவிகளால், யாரோ ஒரு செய்திக்குக் கையெழுத்து இட்டு வெளியிட்டார்கள். கிரெய்க் ரைட் பொய்யர், இந்தச் சாவிகள் அவரிடம் இல்லை என்பது செய்தியின் சாரம். கணிதத்தால் நொடியில் சரிபார்க்கக்கூடிய 145 கையெழுத்துகள்! கேட்டவுடன் வகுப்பு கைதட்டியது. நானும் முதலில் படித்தபோது மேசையைத் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2024 மார்ச் 14-ஆம் தேதி நீதிபதி மெல்லர், ரைட் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் அல்ல, சதோஷி என்ற பெயரில் இயங்கியவர் அல்ல, பிட்காயின் அமைப்பை உருவாக்கியவர் அல்ல, தொடக்க மென்பொருளை எழுதியவரும் அல்ல என்று அறிவித்தார். மே மாதம் வெளியான விரிவான தீர்ப்பு, அவர் நீதிமன்றத்தில் பலமுறை பொய் சொன்னதாகவும் ஆவணங்களைப் புனைந்ததாகவும் கூறியது. அதற்குப் பிறகும் வழக்குப் போட்டதால் அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டது.

சரி, இதை வகுப்பில் எப்படிக் கொண்டு போனேன்? உரையாகச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து குழுக்களிடமும் ஆளுக்கொரு விடுகதை எழுதச் சொன்னேன். பெயர் எழுதக்கூடாது. தாளின் ஒரு மூலையைக் கிழித்துத் தங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை ஒரு விடுகதையைக் கரும்பலகையில் எழுதி, இதை எழுதியது யார் என்றேன். ஏழு பேர் கை தூக்கினார்கள்! விடுகதை நன்றாக இருந்தது, அதுதான் காரணம். ஒருவன் விடை தெரியும் என்றான். விடை தெரிந்தால் எழுதியவனாகிவிடுவாயா என்று வகுப்பே அவனை உட்கார வைத்தது. ஒருத்தி தன் கையெழுத்தை எழுதிக் காட்டினாள்.

கடைசியில் ஒரு பையன் எழுந்தான். “நான்தான் மிஸ் எழுதினேன். மூலைய சட்டைப் பையில வச்சிருந்தேன். அம்மா துவைச்சுட்டாங்க” என்றான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அவன்தான் எழுதினான் என்பது எனக்குத் தெரியும், அவன் எழுதியபோது நான் பக்கத்தில் நின்றேன். நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு என்ன முடிவு செய்கிறது என்று பார்த்தேன். வகுப்புத் தலைவி சொன்னாள்: “நீ பொய் சொல்றேன்னு நாங்க சொல்லல. ஆனா நீதான்னு போர்டுல உன் பேரை எழுத முடியாது.”

பி.எட். படித்தபோது மதிப்பீடு பற்றி எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். ‘நிரூபிக்கப்படவில்லை’ என்பதற்கும் ‘பொய்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ரைட் சாவி இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரும் அந்தப் பையனைப் போல நின்றிருப்பார், நம்பாமல் இருந்திருப்போம், அவ்வளவுதான். அவர் வேறொரு தாளின் மூலையைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினார். பிரச்சினை அங்கேதான். அந்தப் பையனின் பெயரை நான் வகுப்பு முடிந்ததும் சொல்லிவிட்டேன். பாவம், அவனை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. அது முறையா என்று இன்னும் எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் எனக்குச் சங்கடமான பகுதி வந்தது. வாரத்தில் ஒருநாள் காலை வணக்கக் கூட்டத்தில் நான் ‘இன்று ஒரு தகவல்’ சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன், ‘மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர், பதினான்கு வயதுச் சிறுவன் சிவா அய்யாத்துரை’ என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் குரலும் உயர்ந்திருக்கும். சாவி வகுப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நூலகப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். “மிஸ், இதுல ரே டாம்லின்சன், 1971-னு போட்டிருக்கு. நீங்க வேற பேர் சொன்னீங்க. யார்கிட்ட மிஸ் சாவி இருக்கு?”

தேடிப் பார்த்தேன். சிவா அய்யாத்துரை மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா சென்றவர். 1978-இல், பதினான்கு வயதில், நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரி ஒன்றின் அலுவலகக் கடிதப் போக்குவரத்தைக் கணினியில் கொண்டுவர ஒரு நிரல் எழுதினார். அதற்கு ‘ஈமெயில்’ என்றே பெயர் வைத்தார். 1982-இல் அந்த நிரலுக்குப் பதிப்புரிமை பெற்றார். இவ்வளவும் உண்மை. பதினான்கு வயதில் இதைச் செய்தது பெருமைக்குரியதுதான், அதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை.

ஆனால் 1971-லேயே ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வலையமைப்பில் உள்ள இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பி, முகவரியில் இன்று நாம் போடுகிற அந்தச் சுழிக் குறியையும் கொண்டுவந்துவிட்டார். பெறுநர், நகல் போன்ற தலைப்புகளை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகள் 1977-இலேயே ஆவணமாகிவிட்டன. பதிப்புரிமை என்பது ஒருவர் எழுதிய நிரலின் வரிகளுக்குத் தரப்படுவது, கருத்துக்குத் தரப்படுவது அல்ல. நான் ‘வரலாறு’ என்ற பெயரில் ஒரு புத்தகம் எழுதிப் பதிப்புரிமை வாங்கினால், வரலாற்றைப் படைத்தவள் நான் ஆகிவிட முடியுமா? 2012-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அவருடைய ஆவணங்களைப் பெற்றுக்கொண்டபோது, கண்டுபிடிப்பாளராக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று செய்தி பரவியது. அருங்காட்சியகமே பிறகு விளக்க அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அவருடைய கோரிக்கையை மறுத்து எழுதிய டெக்டர்ட் என்ற இதழ் மீது 2017-இல் ஒன்றரைக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு அமெரிக்க நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கண்டுபிடித்தாரா என்பது ‘ஈமெயில்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று குறிப்பிட்டார். கவனியுங்கள், இது ரைட் வழக்கைப் போல அல்ல. இங்கே போலி ஆவணம் என்ற பேச்சு இல்லை. ஒரு பெயரும் ஒரு பொருளும் ஒன்றாகக் கலந்துபோன விஷயம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் காலை வணக்கக் கூட்டத்தில், நான் முன்பு சொன்ன தகவலைத் திருத்திக்கொள்கிறேன் என்று சொன்னேன். கைதட்டல் வரவில்லை. ஓர் ஆசிரியர் பிறகு ஓய்வறையில், “நம்ம ஆளு பேரை நீங்களே எடுத்துட்டீங்களே” என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. 1996-இல் என் அப்பா செய்தித்தாளை உயர்த்திக் காட்டிய அதே கைதான் அது. நானும் அந்தக் கையோடுதான் அன்று மேடையில் நின்றேன்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். சந்தேகப்படக் கற்றுக்கொடுத்த இரண்டே வாரத்தில் ஒரு பையன், “நிலாவுக்குப் போனதும் பொய்தான் மிஸ், யாரு பார்த்தா?” என்று ஆரம்பித்தான். எதையும் நம்பாதிருப்பது எளிது, அதற்குப் படிக்கவே வேண்டாம். அவனிடம் நான் சண்டை போடவில்லை. நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள் மீது இன்றும் பூமியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தித் திரும்பப் பெறுகிறார்கள், அது எப்படி என்று விளக்கிக்கொண்டு வா என்று அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்து, ஒளி திரும்பி வர சுமார் இரண்டரை நொடி ஆகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினான். ‘அப்ப நிஜம்தான் போல’ என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மிளகுக்காரரின் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். பணம் திரும்பவில்லை. சைபர் குற்றப் பிரிவின் 1930 என்ற எண்ணில் புகார் பதிவு செய்ய நானும் கூட உட்கார்ந்தேன். தாமதமாகிவிட்டது, பணம் போன உடனே அழைத்திருக்க வேண்டும். அந்தப் பையனிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “மிஸ், அந்த வீடியோவுல பேசினவர்கிட்ட ஒரு கையெழுத்து போடச் சொல்லியிருந்தா போதும் இல்ல?” என்றான். போதும்தான். இப்போது அவன் ஊரில் யார் போனில் என்ன வந்தாலும் அவனிடம் கொண்டுவந்து காட்டுகிறார்களாம். பரிசுக் குலுக்கல், இலவச ரீசார்ஜ், வங்கியிலிருந்து அழைப்பு, எல்லாம். அவனுக்குத் தெரியாததை என்னிடம் கொண்டுவருகிறான். சில சமயம் எனக்கும் தெரிவதில்லை, இருவரும் தேடுகிறோம்.

போன மாதம் இந்த வகுப்பு இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று நாம் எல்லோரும் சொல்லித் தருகிறோம். சுற்றுலாக் கையேட்டிலும் அதுதான் இருக்கிறது. ஒரு மலையாளிப் பழங்குடி மாணவி கேட்டாள்: “கலெக்டர் கொண்டுவரச் சொன்னார், சரி. அப்ப ரோடு இல்லையே மிஸ். செடியை மலை மேல தூக்கிட்டு வந்தது யாரு? முதல் குழிய வெட்டினது யாரு? அவங்க பேரு எங்க இருக்கு?” அவர்கள் யாரும் வந்து ‘நான்தான்’ என்று சொல்லிக்கொள்ளவே இல்லை.

பிள்ளைகள் சேர்வராயன் கோயில் பக்கத்து ஊர்களில் வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை முப்பத்திரண்டு பக்கம் சேர்ந்திருக்கிறது. கேட்டது, பார்த்தது, தாளில் இருப்பது என்று மூன்று தனித்தனி நிறத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தாளில் இருப்பதற்கான பச்சை நிறம்தான் குறைவாக இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அருகே பழைய எஸ்டேட்களில் கூலிப் பதிவேடோ, ஆள் கணக்கோ யாராவது பத்திரமாக வைத்திருந்தால், தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளோடு நானே வருகிறேன்.